மூன்று பேர்

நேற்று ராத்திரி கேட்டிருந்தாய், எபனேசர்:
"ரெண்டாவது கட்டுரையும் போட்டாச்சு.
மூணு பேர் படிச்சிருக்காங்க.
அதுல ஒண்ணு நான்.
நிறுத்திக்கட்டுமா?"

பூம்பாறையில் சிக்னல் கிடைப்பது
தண்ணீர்த்தொட்டிக்கு மேலே
அந்த ஒரு வளைவில்தான்.
மப்ளரைச் சுற்றிக்கொண்டு
செல்போனில் படியும் மேகத்தைத் துடைத்துத் துடைத்து
உனக்குப் பதில் எழுதுகிறேன்.

என் முதல் கட்டுரையை இரண்டு பேர் படித்தார்கள்.
ஒன்று நான்.
இன்னொன்றும் நான்தான்,
கொடைக்கானல் போயிருந்தபோது
யாரோ போல.
"உலகத்தரம் வாய்ந்த மலைப்பூண்டு" என்று தொடங்கியிருந்தேன்.
உலகத்தை எங்கே கண்டேன்,
நான் கண்டதெல்லாம் வடுகபட்டிச் சந்தை.

நாலாவது வரைக்கும் விற்றேன்.
எழுத்தில்தான்.
மூட்டை அப்படியே கிடந்தது
புகை போட்ட பரணில்.
வாங்க வாங்க என்று கத்துகிறவன் கடையை
பஸ் ஸ்டாண்டில் நீயும் நானும்
தாண்டித்தானே போகிறோம்.

ஐந்தாவதைக் கோபத்தில் எழுதினேன்.
ஐப்பசி மழையில்
அழுகிப்போன பதினொரு மூட்டையைப் பற்றி.
முதலில் என்ன வாடை வந்தது,
பல்லை அழுத்தினால் விரலுக்கு எப்படித் தெரியும்,
என் தப்பு எது:
ஈரத் தட்டையோடு அவசரமாய்க் கட்டிப்போட்டது.
விலை எழுதவில்லை.
வாங்கச் சொல்லவில்லை.
அடியில் இரண்டே வரி,
தவமலர், பூம்பாறை.
காய்ந்த பூண்டு இருக்கிறது. எண் இது.

ஒன்றும் நடக்கவில்லை.
அதையும் உனக்குச் சொல்லிவிட வேண்டும்.
மாசி முடியும்வரை ஒன்றுமே நடக்கவில்லை.

பங்குனியில் ஒரு போன்.
சாயல்குடியில் மெஸ் நடத்துகிறவராம்.
"அழுகினதைப் பத்தி எழுதுன அம்மாவா?
அஞ்சு கிலோ போட்டு விடுங்க.
கெட்டுப்போனதையே மறைக்காதவங்க
நல்லதுல என்னத்தை ஏமாத்தப் போறீங்க."

அப்புறம் ஊரே படித்தது,
லாரி வந்து நின்றது என்றெல்லாம் இல்லை.
அப்புறம் ஒரு மாதம் சும்மா.
அப்புறம் இரண்டு பார்சல்.
முதல் பஸ் கண்டக்டர் டிரைவர் சீட்டுக்குப் பின்னால்
திட்டிக்கொண்டே இடம் ஒதுக்கினார்,
பஸ்ஸெல்லாம் ரச வாசனை என்று.

இதுவரை இருபத்தாறு எழுதியிருக்கிறேன்.
நான்குதான் சோறு போடுகிறது.
எந்த நான்கு என்று முன்பே தெரிந்திருந்தால்
மிச்ச இருபத்திரண்டை எழுதியிருக்க மாட்டேன்.
அந்த நான்கும் வந்திருக்காது.

உன் இரண்டையும் படித்தேன்.
"மன்னவனூர் கேரட் ஆரோக்கியம் நிறைந்தது."
முயலுக்குக் கூடத் தெரியும் அது.
நீ எழுதியது போலவே இல்லை,
மருந்துக்கடைச் சுவரில் ஒட்டியது போல இருந்தது.
கோபித்துக்கொள்ளாதே.
என் "உலகத்தரம்" இதைவிட மோசம்.

எழுத வரவில்லை என்கிறாய்.
போன வாரம் ஜீப்பில்
பையிலிருந்து ஒரு கேரட்டை எடுத்தாயே,
இரண்டு கால் முளைத்து
சம்மணமிட்ட ஆள் மாதிரி.
ஏன் இப்படி என்றேன்.
கல் இடறினால் வேர் பிளந்து
இரு பக்கமும் சுற்றிக்கொண்டு இறங்கும்,
ருசி ஒன்றும் குறையாது,
மண்டிக்காரன்தான் கழிப்பான் என்று
கூக்கால் பிரிவு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாய்.
டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்.
இறங்கும்போது உன்னிடமே
இரண்டு கிலோ வாங்கிக்கொண்டார்.

அதை எழுது.
அதே வாயால்.
டிரைவருக்குச் சொன்ன மாதிரியே,
அடியில் மட்டும் உன் பேரும் நம்பரும்.

மேகம் ஏறுகிறது. சிக்னல் ஒரு கோடுதான்.
அனுப்பிவிட்டு இறங்குகிறேன்,
அடுப்பில் உலை இருக்கிறது.

இன்னொன்று.
அந்த மூன்று பேரில்
ஒன்று நீ. ஒன்று நான்.
மூன்றாவது யார்?
உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
முழுக்கப் படித்திருக்கிறார் போல.

அவருக்கு எழுது.